கரண்ட், தண்ணி உள்பட: லேக் மார்க்கெட் வாடகை அறைகளில் மின் அளவீட்டு முறைகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழாய்வு உலகம் கல்வெட்டுக்குக் காட்டிய கருணையை ‘டு லெட்’ அட்டைக்குக் காட்டவில்லை. ஒரு சிற்றரசன் கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தான் என்று எழுதினால் முனைவர் பட்டம் கிடைக்கிறது. கல்கத்தாவில் ஒரு ஸ்டெனோகிராபர் தங்கியிருந்த மாடியறையில் எரிந்த நாற்பது வாட் பல்புக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்க ஒரு நாதியில்லை. இரண்டும் ஒரே கேள்வி என்பதே இக்கட்டுரையின் அடிப்படைத் துணிபு.

சோழர் காலத்து நந்தா விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்குக்கு 90 ஆடு, சில ஊர்களில் 96. ஆடுகள் இடையர் வசம் இருக்கும். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். கல்வெட்டு மொழியில் இவை ‘சாவா மூவாப் பேராடுகள்’. ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் கணக்கு 90தான், நெய் உழக்குதான். மார்கழி இரவு நீளம், ஆனி இரவு குறைவு என்று எந்த இடையரும் பில்லில் கழித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. எரிந்த அளவைப் பாராமல், மொத்தமாக ஒரு தொகை பேசி வெளிச்சம் வாங்கும் ஏற்பாடு இது. இதே ஏற்பாடு ஆயிரம் ஆண்டு கழித்து கல்கத்தா ராஷ்பிஹாரி அவென்யூவில், ஒரு காபிப்பொடிக் கடையின் தூணில், பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது: ‘பேச்சலர் ரூம், வெஜிடேரியன் மட்டும், கரண்ட், தண்ணி உள்பட’. ஆடு பற்றிய குறிப்பு இல்லை. வெஜிடேரியன் என்பதால் விட்டிருக்கலாம்.

ஆய்வின் எல்லை

கல்கத்தா, 2001 முதல் கொல்கத்தா, பெருநகரம் என்று சொல்லப்படுகிறது. இது ஒரு நிர்வாக வசதிக்கான கற்பனை. உண்மையில் அது ‘பாரா’ எனப்படும் பேட்டைகளின் தொகுதி. ஒவ்வொரு பாராவும் ஒரு சிறு ஊர். அதற்கென்று ஒரு மிட்டாய்க் கடை, ஒரு துர்கா பூஜைக் கமிட்டி, ஒரு கிளப், மாலையில் திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரைத் தணிக்கை செய்யும் பெரியவர்கள் நால்வர் உண்டு. இத்திண்ணைக்கு ‘ரோயாக்’ என்று பெயர். நம் ஊர்த் திண்ணைக்கும் அதற்கும் உயரத்தில்தான் வேறுபாடு, செயல்பாட்டில் இல்லை.

நம் ஆய்வுக்களம் தேசப்பிரிய பார்க்கில் தொடங்கி ரவீந்திர சரோபர் ஏரிக்கரை வரை. 1912இல் அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தெற்கே சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, தோண்டிய மண்ணை மேடாக்கி, சாலை போட்டு மனை பிரித்தது. கிளைவ் தெரு வெள்ளைக்கார கம்பெனிகளுக்கு ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு ஆகிய பகுதிகள் அத்தேவையைப் பூர்த்தி செய்தன. வந்தவர்கள் டிராம் பிடிக்க வசதியான இடமாகப் பார்த்து லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாடகைக்கு அமர்ந்தார்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் கோமளவிலாஸும் பின்தொடர்ந்தன. இன்றும் அந்த மார்க்கெட்டில் ‘சின்ன வெங்காயம் எவ்வளவு’ என்று தமிழில் கேட்டால் வங்காளி வியாபாரி தமிழிலேயே விலையை ஏற்றிச் சொல்வார்.

இவர்களுக்கும் முன்பே, 1907இல், அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்து இளம் அதிகாரி ஒருவர் பௌபஜார் பக்கம் ஸ்காட்ஸ் லேனில் வாடகைக்குக் குடியிருந்தார். டிராமில் போகும்போது ஓர் அறிவியல் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டு, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். சி.வி. ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று அந்தச் சங்கத்தில் நடந்ததை உலகம் அறியும். ஒளியைப் பற்றி அத்தனை யோசித்தவர் வீட்டு விளக்குச் செலவைப் பற்றி என்ன யோசித்தார் என்பதைச் சரிதம் எழுதியவர்கள் கேட்டு வைத்திருக்கலாம். நோபல் பரிசு கண்ணை மறைத்துவிட்டது.

முன்னோர் அளவைகள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்பவருக்கு எப்போதும் ஒரே சங்கடம்: எதை எண்ணுவது? 1882இல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்சாரம் விற்கத் தொடங்கிய எடிசன், வாடிக்கையாளர் வீட்டில் துத்தநாகத் தகடு தோய்ந்த ஒரு ஜாடியை வைத்தார். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டைக் கழற்றி எடுத்துப்போய்த் தராசில் நிறுத்தார். மின்சாரம் கிராம் கணக்கில் விற்ற காலம் அது.

இங்கிலாந்து அரசின் வழி இன்னும் எளிது. 1696இல், குடிமக்களின் வருமானத்தை நேரில் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று, தெருவில் நின்றபடி எண்ணக்கூடிய ஒன்றின் மேல் வரி போட்டது. அது ஜன்னல். மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851 வரை அந்த வரி இருந்தது, அடைத்த ஜன்னல்கள் இன்றும் இருக்கின்றன. ஜெர்மானியர்கள் வாடகையைக் ‘குளிர் வாடகை’, ‘சூடு வாடகை’ என்று இரண்டாகப் பிரித்து, சூட்டையும் தண்ணீரையும் சேர்த்தது இரண்டாவது வகை என்று எழுத்தில் வைத்துவிட்டார்கள். ஜெர்மானியர்கள் அப்படித்தான்.

இவற்றில் நமக்குப் பயன்படுவது ஜன்னல் வரிதான். வெளியே நின்று பார்க்க முடிந்ததை மட்டும் எண்ணு என்ற அதன் கோட்பாட்டை, லண்டனைப் பற்றி எதுவும் படிக்காத லேக் மார்க்கெட் வீட்டுக்கார அம்மாள்கள் தாமே கண்டடைந்திருக்கிறார்கள்.

மூலவளங்கள்

மின்சாரம். நகரத்துக்கு மின்சாரம் தருவது கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். 1899 ஏப்ரல் 17 அன்று இமாம்பாக் லேனில் அதன் முதல் நிலையம் ஓடத் தொடங்கியது. பல ஆண்டுகள் லண்டனில் இருந்தபடியே நிர்வாகம் செய்து, 1970இல்தான் தலைமையகம் கல்கத்தாவுக்கு வந்தது. வந்ததும் வரவேற்றது லோட்ஷெடிங். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ‘கரண்ட் உள்பட’ என்று வாடகை பேசியவர்கள் பெரும்பாலும் இருட்டையே உள்பட வாங்கினார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் சண்டை குறைவு. இல்லாத சொத்துக்குப் பாகப்பிரிவினை கிடையாது.

பில் கட்டணம் தட்டுத் தட்டாக ஏறும். குறைவாகச் செலவழித்தால் யூனிட் விலை குறைவு, 300 யூனிட் தாண்டினால் உச்சத் தட்டு. வீட்டுக்காரர் வீடும் மாடியறையும் ஒரே மீட்டரில் இருந்தால் இரு குடும்பச் செலவும் சேர்ந்து தட்டேறும். தனித்தனியே சாதுவாக இருக்கும் இரண்டு பேர் கூட்டுக் குடும்பத்தில் ஊதாரியாவது இப்படித்தான். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் கீழ்த்தளத்து மீட்டரோடு நின்றுவிடும், மாடிப்படி ஏறி வருவதில்லை. இது பற்றித் தனிக் கட்டுரை தேவை.

தண்ணீர். கல்கத்தாவின் பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு மீட்டர் கிடையாது. பல்தாவில் ஹூக்ளியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, தாலாவில் 110 அடி உயரத்தில் நிற்கும் இரும்புத் தொட்டிக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். 1911இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் தொட்டி 90 லட்சம் காலன் கொள்ளும். வீட்டுக்குள் அது வந்து சேருமிடம் குளியலறைச் ‘சௌபாச்சா’. சிமெண்டில் கட்டி, பச்சைப்பாசி பிடித்த சிறு தொட்டி. நான்கு பேர் குளித்தால் அடி தெரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய கல்கத்தாவில் இரண்டு குழாய். ஒன்றில் பல்தாவின் வடிகட்டிய தண்ணீர். இன்னொன்றில், மல்லிக் காட் பம்பிங் ஸ்டேஷனிலிருந்து வடிகட்டாத ஹூக்ளி நீர் வரும். தெருக் கழுவவும், தீயணைக்கவும், பழைய வீடுகளில் கக்கூஸில் ஊற்றவும் அது. கும்பகோணத்தில் பாட்டி, காசிக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த கங்கைச் செம்பை மெழுகு வைத்து அடைத்து, கடைசி மூச்சுக்கென்று பூஜை அலமாரியில் வைத்திருப்பாள். அவள் பேரன் லேக் ரோட்டில் அதே கங்கையைச் சங்கிலி இழுத்துப் பீய்ச்சிக்கொண்டிருப்பான், வாடகையில் சேர்த்தி. ஊருக்கு எழுதும் கடிதத்தில் இந்தத் தகவலைத் தவிர்ப்பது அக்காலத் தமிழ் பேச்சலர்களிடையே எழுதப்படாத ஒழுக்கமாக இருந்தது.

களஆய்வு: மாஷிமா ஓர் அளவுமானி

வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் ‘மாஷிமா’ என்பார்கள். அம்மாவின் உடன்பிறந்தவள் என்ற உறவு. அவர் கணவர் ‘மேஷோமஷாய்’. வாடகை ரசீதில் எந்தப் பெயர் இருந்தாலும் மின்வாரியப் பொறுப்பு மாஷிமாவிடம், தண்ணீர்ப் பம்ப் மேஷோமஷாயிடம். பம்ப் சுவிட்சை வேறு யாரும் தொட்டதாக வரலாறு இல்லை.

மாடியறையில் மீட்டர் இல்லை. ஆனால் அளவீடு நடக்கிறது. எப்படி என்பதை இந்த ஆய்வாளர் காலை எட்டரை மணி அளவில், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நிலையில் நேரில் பதிவு செய்தார். மாஷிமா துளசிமாடத்துக்குத் தண்ணீர் விட்டபடி, திரும்பாமல் கேட்டார்:

“ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே, உடம்புக்கு என்னப்பா?”

“ஒண்ணுமில்ல மாஷிமா, ஆபீஸ் வேலை.”

“அம்மா அங்க உன்ன நெனச்சுக்கிட்டு இருப்பா. நீ இங்க கண்ணைக் கெடுத்துக்கிறே.”

இதில் கரண்ட் என்ற சொல்லே வரவில்லை. யூனிட் இல்லை, ரூபாய் இல்லை. ஆனாலும் ரீடிங் எடுத்தாகிவிட்டது, பில் கொடுத்தாகிவிட்டது, மறுநாள் பதினொன்றரைக்கு விளக்கு அணைந்தும்விட்டது. கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளைக்குக்கூட இவ்வளவு விரைவான வசூல் கிடையாது. அக்கறை என்ற அலகில் அளக்கப்படும் மின்சாரத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியாது என்பதே இம்முறையின் பலம். “நான் கொடுக்கும் வாடகையில் சேர்ந்ததுதானே” என்று சொல்ல வாய் வருமா? அவர் கேட்டது உடம்பைப் பற்றி.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அந்த விளக்கு 9 வாட் எல்ஈடி. மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை எட்டு மணி நேரம் எரிந்தால் 0.072 யூனிட். பத்து நாள் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. அதே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் வாளிக்குள் 1500 வாட் இம்மர்ஷன் ராடு ஒன்று தினமும் இருபது நிமிஷம் முக்குளிக்கிறது. அது அரை யூனிட். விளக்கைப் போல ஏழு மடங்கு. அயர்ன் பாக்ஸ் 1000 வாட். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். இவை பற்றி மாஷிமா வாய் திறந்ததே இல்லை. காரணம், ராடு சத்தம் போடாது, வெளிச்சம் தராது, கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்காது. விளக்கு மூன்றாவது குற்றத்தைச் செய்கிறது. நம் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இதுவே: கரண்ட் உள்பட்ட வாடகையில் மனஸ்தாபம் வாட்டுக்கு ஏற்ப வளர்வதில்லை, கண்ணில் படுவதற்கு ஏற்பவே வளர்கிறது.

மின்விசிறி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 75 வாட், இருபது மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், எனவே உண்மையான செலவாளி அதுதான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்கு எட்டும். ‘அஞ்சுல வைக்காதே, மூணு போதும்’ என்ற அறிவுரை கல்கத்தா மே மாதப் புழுக்கத்தில் வழங்கப்படும்போது அதன் தத்துவப் பின்னணியை ஆராய மனம் வராது. சுவரில் இருக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாவது சொற்பம். குறைத்த மின்சாரத்தில் ஒரு பங்கு பெட்டிக்குள் சூடாகப் போய்விடும். இதை ஒருமுறை வரைபடத்துடன் விளக்கினோம். மாஷிமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ பேனையே நிறுத்திட்டா?” என்றார். கேள்வியில் பிழையில்லை.

தண்ணீர் அளவீடு செவிவழி. குளியலறையிலிருந்து வரும் மக் சத்தத்தை மேஷோமஷாய் பேப்பர் படித்தபடியே எண்ணுகிறார் என்பது கருதுகோள். நேரடிச் சான்று இல்லை. ஆனால் குளித்து முடித்து வெளியே வரும்போது பம்ப் போடும் சத்தம் கேட்டால், அன்று அளவு மீறியது என்று பொருள். பம்ப் மட்டும் யார் கணக்கிலும் சேராது. அது ஒரு குதிரைத்திறன், 746 வாட், நாற்பது நிமிஷத்தில் அரை யூனிட். வீட்டுக்காரர் செலவழிக்கும் மின்சாரம் இயற்கை நிகழ்வு, மழையைப் போல.

வாடகைத் திணை

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்தபோது மாடியறை இல்லை. விட்டுப்போன இடத்தைப் பணிவுடன் நிரப்புகிறோம். நிலம்: மொட்டைமாடிக்கு ஒரு படி கீழே, மேற்கு வெயில் விழும் அறையும் அறை சார்ந்த இடமும். பெரும்பொழுது: கோடை. சிறுபொழுது: கால்பைசாகிப் புயல் அடித்து கரண்ட் போகும் அந்தி. தெய்வம்: மெயின் சுவிட்ச். இறைவி மாஷிமா என்றும் பாடம். பறை: பம்ப் மோட்டார். உணவு: மேகி. மரம்: ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணசூடா, அதாவது நம் மயில்கொன்றை. உரிப்பொருள்: ஊடல் என்பர் ஒரு சாரார். இருத்தல் என்பதே எம் துணிபு, ஏனென்றால் இந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது.

சட்டமும் மரபும்

மேற்கு வங்க வளாகக் குத்தகைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்புக்கும் வசதிகளுக்கும் வாடகையில் பத்து சதவீதம் குடித்தனக்காரர் தரவேண்டும் என்று அதில் ஓர் ஏற்பாடு உண்டு. சட்டமன்றத்துக்கும் மொத்தத் தொகை முறைதான் வசதியாகப் பட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்க. நடைமுறையில் எல்லோரும் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ஓராண்டைத் தாண்டினால் பத்திரப்பதிவு செய்ய வேண்டிவரும். அந்த ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், ஆணி அடிக்கக்கூடாது என்பன எழுத்தில் இருக்கும். கரண்ட், தண்ணி வாய்மொழி. வாய்மொழி இலக்கியத்துக்குப் பாடபேதம் இயல்பு.

வாய்மொழியில் சேர்ந்தவை இன்னும் பல. விஜயதசமிக்குப் பிறகு நார்கேல் நாடு என்னும் தேங்காய் உருண்டை. பௌஷ் சங்கராந்திக்குப் பிட்டே என்னும் பலகாரம். காய்ச்சல் வந்தால் கிச்சுடி. எதிர்த்திசையில், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் காபிப்பொடி அரைக் கிலோ, அப்பளம் ஒரு கட்டு, மேஷோமஷாய்க்குப் பிடித்த முறுக்கு. அரைக் கிலோ காபிப்பொடி கொடுத்த மாதத்தில் விளக்கு விசாரணை நடப்பதில்லை. காபிப்பொடியின் மின்மாற்று மதிப்பை யூனிட்டில் சொல்ல முடியுமா என்று பார்த்தோம். பொடியில் சிக்கரி விகிதம் மாறுவதால் நிலையான மதிப்பு கிட்டவில்லை.

இந்த ஊரில் இதற்கெல்லாம் மூத்த வடிவம் ‘மெஸ்பாடி’. கட்டில், கரண்ட், தண்ணீர், மீன்குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு தொகை. சீல்தா பக்கம் ஹாரிசன் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் கிராமத்திலிருந்து வந்த குமாஸ்தாக்கள் வாரம் முழுக்க இதில் தங்கி, சனிக்கிழமை ஊருக்கு ரயிலேறுவார்கள். சிப்ராம் சக்ரவர்த்தி முக்தாராம் பாபு தெரு மெஸ் அறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். டைரிக்குப் பதில் சுவரிலேயே குறிப்பு எழுதிவைப்பார். வங்காளத்தின் பெரிய துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்ஷி கதைவரிசையில் முதன்முதலில் தலைகாட்டுவதும் ஒரு மெஸ்ஸில்தான். ஷரதிந்து பந்தோபாத்யாயின் ‘சத்யான்வேஷி’ கதையில் அவர் பொய்ப்பெயரில் வாடகைக்கு வந்து தங்குகிறார், கடைசியில் பிடிபடுபவர் மெஸ் நடத்தும் ஹோமியோபதி டாக்டர். வழக்கமாக வீட்டுக்காரர் குடித்தனக்காரரை வேவு பார்ப்பார். இங்கே தலைகீழ். வங்காள வாசகர்கள் அக்கதையை இன்றும் கொண்டாடுவதன் காரணத்தை இலக்கிய விமர்சகர்கள் வேறெங்கோ தேடுகிறார்கள்.

மேலாய்வுக்குரியவை

இம்மரபை ஏர்கண்டிஷனர் அழித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை டன் ஏசி சுமாராக 1500 வாட் இழுக்கும். அது ராடைப் போல இருபது நிமிஷத்தில் அடங்குவதில்லை, ராத்திரி முழுக்க ஓடும், வெளிச்சுவரில் தண்ணீர் சொட்டித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். வாட்டும் கண்ணில் படுதலும் முதன்முறையாக ஒரே சாதனத்தில் சேர்ந்துவிட்டன. எனவே ஏசி வந்த வீட்டில் மறுமாதமே சப்-மீட்டர் வருகிறது. மாடிப்படி அடியில் சின்ன கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஓடத் தொடங்கியதும் மாஷிமா விளக்கைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிடுகிறார். உடம்பைப் பற்றியும் கேட்பதில்லை, தேங்காய் உருண்டை மட்டும் வருகிறது. காபிப்பொடி வாங்கிக்கொண்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அந்த விலை மின்கம்பெனியின் எந்தத் தட்டிலும் இல்லாத விலை. மின்சார ஸ்கூட்டரை வராந்தா பிளக்கில் சொருகும் புதிய தலைமுறை பற்றிய தரவுகள் இன்னும் சேகரிப்பில் உள்ளன. முதல் தகவல்கள் கவலைக்குரியவை.

இவ்வாய்வைத் தொடர, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சதர்ன் அவென்யூ பக்கம் ஏசி உள்ள, ஏரி தெரியும் அறை ஒன்று தேவைப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. வாடகையை மானியத் தொகையாகவும் கரண்டைத் தனித் தலைப்பில் எதிர்பாராச் செலவாகவும் காட்டியிருக்கிறோம். அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்திருக்கிறது: ‘தண்ணீர் எந்தத் தலைப்பில்?’